மானும் உண்ணியும்

அடையாற்று அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். கிண்டிக் காட்டின் சுவரை ஒட்டியது அவர் வீடு. சுபுஹு தொழுதுவிட்டுத் திரும்பும்போது சுவரோரம் நிற்கும் மான்களைப் பார்த்து மகிழ்வாராம். ஒருநாள் தம் மகனின் காதுக்குப் பின்னால் உண்ணி ஒன்று கடித்துத் தொங்கக் கண்டு, தீக்குச்சியைக் கிழித்துச் சுட்டு எடுத்திருக்கிறார். "மானுக்கு இரங்கும் நான் உண்ணியைச் சுட்டேனே, இது குற்றமா?" என்று கேட்கிறார்.

கேள்வி சிறிது, அதில் அடங்கிய விஷயம் பெரிது.

இஹ்ராம் அணிந்தவர் வேட்டையாடக் கூடாது என்பது திருமறையின் கட்டளை. மீறிக் கொன்றால் ஈடு கொடுக்க வேண்டும். மானுக்கு ஓர் ஆடு ஈடு என்று தீர்ப்பளித்தவர் உமர் (ரலி) அவர்கள். அதே உமர் (ரலி) இஹ்ராமில் இருந்தபோது தம் ஒட்டகத்தின் உடலிலிருந்து உண்ணிகளைப் பிடுங்கியதைக் கண்டவர் உண்டு என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா கூறுகிறது. அவர்களுடைய மகனார் இப்னு உமர் (ரலி) அவர்களோ இஹ்ராமில் அப்படிச் செய்வதை விரும்பவில்லை என்றும் அதே நூல் கூறுகிறது. இமாம் மாலிக்கும் மகனார் பக்கமே சாய்ந்தார்கள். தந்தை ஒட்டகத்தின் வேதனையைப் பார்த்தார்கள். மகனார் இஹ்ராமின் கண்ணியத்தைப் பார்த்தார்கள். இருவருமே உண்ணியை ஓர் உயிர் என்று எண்ணித்தான் நடந்தார்கள்.

இஹ்ராமில் இல்லாத நமக்கு இதில் நெருக்கடி இல்லை. தீங்கு செய்வதை அகற்றலாம், அகற்றவும் வேண்டும். 1957-இல் அன்றைய மைசூர் மாநிலத்து க்யாசனூர் காட்டில் குரங்குகளும் மனிதர்களும் காய்ச்சலில் மாண்டபோது, அந்நோயைப் பரப்பியது உண்ணி என்றே கண்டார்கள். ஆனால் நெருப்பு வேண்டாம். நெருப்பால் வேதனை செய்யும் உரிமை அல்லாஹ் ஒருவனுக்கே என்று நபி பெருமானார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். மருத்துவர்களும் இதையே சொல்கிறார்கள். சூடு பட்ட உண்ணி தன் உமிழ்நீரைக் காயத்துக்குள் கக்கக்கூடும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் மெல்ல இழுத்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அன்பர் அறியாமல் செய்தது இது, இனிச் செய்யாதிருக்கட்டும்.

இனி மானுக்கு வருவோம். கிண்டிக் காடு ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் வேட்டைக்காடு. 1821-இல் 35,000 ரூபாய்க்கு அரசு அதை வாங்கியது. 1910-இல் 505 ஹெக்டேர் காப்புக்காடாயிற்று. பிறகு கல்விக்கூடங்களும் நினைவகங்களும் எழுந்து, 1978-இல் தேசியப் பூங்காவானபோது மிஞ்சியது ஏறத்தாழ 270 ஹெக்டேர். துப்பாக்கி ஓய்ந்தது, சுவர் நின்றது. சுவருக்குள் இருக்கும் உயிர் யார் பொறுப்பு? பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் கொன்ற பெண்ணின் முடிவை ஹதீஸில் படிக்கிறோம். அடைத்து வைத்தவன் பொறுப்பாளி என்பதே அதன் பாடம்.

நாமோ இரக்கம் என்று எண்ணி, மிச்சச் சோற்றைப் பிளாஸ்டிக் பையோடு சுவருக்கு அப்பால் எறிகிறோம். செத்த மானை அறுத்துப் பார்த்தவர்கள் அதன் வயிற்றில் அந்தப் பைகளைக் கண்டிருக்கிறார்கள். இஹ்ராமில் அம்பெய்து கொன்ற மானுக்கு ஓர் ஆடு ஈடு. நாம் எறிந்த பையால் செத்த மானுக்கு எதை ஈடாகக் கொடுப்போம்? யாரும் கேட்காத கணக்கு அது. கேட்பவன் ஒருவன் இருக்கிறான்.

உண்ணியைப் பற்றிக் கேட்ட அன்பரின் உள்ளம் நல்ல உள்ளம். அந்த அச்சத்தில் பாதியைக் கையிலுள்ள பையின்மேலும் திருப்புவாராக! நாமும் திருப்புவோமாக! ஆமீன்.