விடை தராத மௌனம்

நாவடக்கத்தை நல்லொழுக்கம் எனச் சான்றோர் போற்றுவர். ஆயினும், வாய்மூடியிருத்தல் எல்லாம் நாவடக்கம் ஆகுமா? நேர்முகத் தேர்வு நடத்திவிட்டு, முடிவு யாதெனத் தெரிவிக்காமல் இருந்துவிடும் நிறுவனங்களின் மௌனம் எவ்வகையைச் சார்ந்தது?

இம்மௌனத்திற்குக் காரணங்கள் பல உள. கணிப்பொறி வழியே ஒரே பணிக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. முதலாமவர் பணியை ஏற்பாரோ மறுப்பாரோ என்னும் ஐயத்தால், இரண்டாமவரைக் காத்திருக்க வைக்கின்றனர். சில வேளைகளில் நிதியின்றி அப்பணியிடமே நிறுத்தி வைக்கப்படுகிறது. காரணத்தை எழுதினால் வழக்கு வருமோ என்ற அச்சமும் உண்டு. தேர்வு செய்பவர் ஒருவர், கடிதம் எழுத வேண்டியவர் வேறொருவர் என்பதால், கடமை இருவருக்கும் இடையே நழுவிப் போகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இல்லை’ எனச் சொல்ல மனம் கூசுகிறது. அக்கூச்சத்தை இரக்கம் என எண்ணிக்கொள்கின்றனர்.

அது இரக்கமாகாது. சொல்பவருக்கு ஒரு கணத்தில் தீரும் சங்கடம், காத்திருப்பவருக்குப் பல வாரக் கவலையாகிறது. வேறிடத்து அழைப்பை ஏற்பதா, விடுவதா என அறியாமல் இளைஞன் தவிக்கிறான். தன்மீதே குறை காண்கிறான். தேர்வில் தவறிய மாணவனுக்கும் நாம் முடிவை அறிவிக்கிறோம் அன்றோ? அதை அறிந்தால்தான் அவன் அடுத்த தேர்வுக்கு ஆயத்தமாவான்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதனைச் சட்டக் கடமையாகவே ஆக்கியுள்ளது. அங்கு 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களை உடைய நிறுவனங்கள், பொது விளம்பரம் செய்த பணிக்கு நேர்முகம் கண்டோருக்கு, இறுதி நேர்முகம் முடிந்த 45 நாள்களுக்குள், முடிவு எடுக்கப்பட்டதா என்பதைத் தெரிவித்தாக வேண்டும். இவ்விதி 2026 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காரணம் கூறுமாறு அது கேட்கவில்லை. எனவே, வழக்குக்கு அஞ்சி வாளாவிருக்கத் தேவையில்லை. ஆயினும், விண்ணப்பம் மட்டும் அனுப்பியோர்க்கு அவ்விதி துணை செய்யாது. சட்டம் எட்டாத இடத்தில் அறவுணர்வே வழிகாட்ட வேண்டும்.

வாசக அன்பர்களே! நம் இல்லங்களில் வேலை தேடும் பிள்ளைகளும் உளர். தொழில் நடத்தி வேலை தருவோரும் உளர். வேலை தருவோர்க்கு ஒரு வேண்டுகோள்: ‘இப்பணிக்குத் தங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை, வந்தமைக்கு நன்றி’ என்று உரிய காலத்தில் எழுதிவிடுங்கள். வேலை கிடைக்காவிடினும், அவர் மறுநாளே வேறு கதவைத் தட்டப் புறப்படுவார்.