மருந்தின் நன்மை எங்கே உள்ளது

நன்மை ஒரு பொருளின் இயல்பிலேயே நிலைபெற்றதா, அல்லது அது சேரும் இடத்தையும் உடனிருப்பவற்றையும் பொறுத்து அமைவதா என்னும் பழைய வினா, இரத்த அழுத்தத்திற்கும் வலிப்புக்கும் ஒருங்கே மாத்திரை உண்பவரின் உடலில் மிகக் கூர்மையாக எழுகிறது.

குற்றாலத்துத் தல மரபு இவ்வினாவிற்கு நெருக்கமான ஒரு கதையைச் சொல்லுகிறது. அகத்தியர் திருமாலின் திருவுருவைத் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுகச் செய்தார் என்றும், அவ்வழுத்தத்தால் இறைவனுக்குத் தலைவலி உண்டாயிற்று என்றும், அது தணியவே மூலிகைகள் இட்டுக் காய்ச்சிய தைலம் குற்றாலநாதருக்கு நாள்தோறும் சாத்தப்படுகிறது என்றும் அம்மரபு கூறும். முனிவரின் செயல் சைவர்க்கு நன்மையே. ஆயினும் அந்நன்மையிலிருந்தே ஒரு நோவு பிறந்து, ஒரே நாளில் தீராமல், என்றும் பேணப்பட வேண்டியதாயிற்று. தெய்வத்தின் மேலேயே இவ்வுண்மையை ஏற்றிக் கூறத் தயங்காத துணிவு போற்றத்தக்கது.

மருந்துகளிலும் நன்மையிலிருந்தே இவ்வாறு நோவு பிறப்பதுண்டு. வலிப்புக்குரிய கார்பமசெபைன், பெனிட்டாயின், பெனோபார்பிட்டால் ஆகியவை கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை, அதாவது வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களை, சில வாரங்களில் மிகுவிக்கின்றன; அதனால் நிஃபெடிபைன், ஃபெலோடிபைன் போன்ற அழுத்த மருந்துகள் பயன் தருமுன்னரே பெரிதும் அழிந்து, மாத்திரை தவறாதவருக்கும் அழுத்தம் குறையாமல் நிற்கக்கூடும். மறுதலையாக, வெராபமிலும் டில்டியாசெமும் அந்நொதிகளுள் ஒன்றைத் தடுப்பதால் கார்பமசெபைன் குருதியில் தேங்கித் தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, நடைத் தள்ளாட்டம் ஆகியவற்றைத் தரும். சிறுநீரைப் பெருக்கி அழுத்தம் குறைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, கார்பமசெபைனோடோ ஆக்ஸ்கார்பசெபைனோடோ சேரும்போது குருதியின் சோடியம் மிகத் தாழலாம்; அத்தாழ்வே வலிப்பை எழுப்பவும் கூடும். லெவெடிராசெட்டம் இந்நொதிவழியைப் பெரிதும் சாராததால் இச்சிக்கல் அதில் குறைவு.

இவற்றுள் எதுவும் தன்னளவில் தீயதன்று. ஆதலின் மருந்தின் நன்மை மாத்திரையில் அடைபட்டுக் கிடப்பதில்லை, உண்பவரின் உடலோடும் அங்கே முன்பே உள்ளவற்றோடும் அது கொள்ளும் உறவிலேயே உள்ளது எனல் வேண்டும்.

குற்றாலத்தைப் பாடிய திருஞானசம்பந்தர், திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவனின் மகளுக்கு நேர்ந்த முயலகன் என்னும் நோயைத் தீர்த்ததாகப் பெரியபுராணம் உரைக்கும். அந்நோய் வலிப்பே என்பது பலர் கொள்ளும் கருத்து. நோயை வினைப்பயன் என்று ஒதுக்கி, வருந்துவோரை வாளா விடுவதற்குச் சைவத்தில் இடமில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று. அந்நோயின் பெயரையே கொண்ட அசுரனாகிய முயலகனும், ஆடவல்லானாகிய நடராசரின் திருவடிக்கீழ் அழிவதில்லை, அடங்கிக் கிடக்கிறான். உயிரை மறைக்கும் ஆணவ மலமும் முத்தியில் அழியாது, ஆற்றல் ஒடுங்கியே நிற்கும் என்பது சித்தாந்தக் கொள்கை. வலிப்பும் அழுத்தமும் பெரும்பாலார்க்கு இவ்வாறே அடக்கி வைக்கப்படுபவை.

ஆகவே சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் நீராட வருபவர், புனிதத்தின் மேல் கொண்ட நம்பிக்கையால் மாத்திரையை நிறுத்துவது பெரும் இடருக்கு வழிசெய்யும். வலிப்பு மருந்து திடீரென நின்றால் இடைவிடாத வலிப்பு நேரலாம், நொதி பழைய நிலைக்குத் திரும்பத் திரும்ப அழுத்த மருந்தின் வேகமும் மிகும். இயற்கையானது என்று கருதி வாங்கும் லேகியமும் கசாயமும் அதே கல்லீரலையே சென்றடைகின்றன. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து மருந்தை இயற்றித் தருபவரையும் நான்காவதாக எண்ணுகிறது. தென்காசியில் ஒருவரிடம் அழுத்தத்திற்கும் திருநெல்வேலியில் இன்னொருவரிடம் வலிப்புக்கும் மருத்துவம் பெறும் முதியவரின் வீட்டில், இரு மருந்துச் சீட்டுகளையும் லேகியப் புட்டியையும் ஒருங்கே கொண்டுபோய் இரு மருத்துவருக்கும் காட்டும் பொறுப்பு அந்த நான்காமவருடையது.