முன்னே ஓடும் நாய்



வேதாகமத்தில் நாய்க்கு நல்ல பெயர் கிடையாது. யூதருக்கு அது தீட்டான பிராணி. ஒருவரை இழித்துப் பேச உதவிய சொல். ஆயினும் ஒரேயொரு நாய் மட்டும் ஓர் இளைஞனோடு நெடுவழி போய்த் திரும்புகிறது. கண்பார்வை இழந்த தோபித்து, முன்பு கொடுத்துவைத்த பணத்தை வாங்கி வரும்படி மகன் தொபியாசை மேதியா நாட்டுக்கு அனுப்புகிறார். வழித்துணை அதிதூதர் இரபாயேல். கூடவே வீட்டு நாய். அது காவல் காத்ததாகவோ வேட்டை பிடித்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. கூடப் போனது, கூட வந்தது. அந்த வெறும் துணையும் வேதாகமத்தில் எழுதிவைக்கத் தக்கதாயிற்று.

இத்தகைய துணை எத்தனை இன்பமானது என்பதை அறிய ஒரு நாள் பின்னேரம் வல்லிபுரத்திலிருந்து மணற்காடு நோக்கி உங்கள் நாயோடு ஓடிப் பாருங்கள். வெய்யில் தாழ்ந்த பின்பு போங்கள். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; நாக்கை நீட்டி இளைத்துத்தான் அது சூட்டை ஆற்றிக்கொள்ளும். மத்தியான மணலோ அதன் பாதத்தைச் சுட்டுவிடும். சூரியன் முதுகுப்புறம் பனைகளுக்குள் இறங்கும். உங்கள் நிழல் கடற்பக்கமாக நீளும். மணலில் கால் புதையும், மூச்சு வாங்கும். நாயோ அடம்பன் கொடியைத் தாண்டி, இராவணன் மீசையை முகர்ந்து, சவுக்க மரங்களுக்குள் மறைந்து, “இன்னும் வரவில்லையா?” என்பதுபோல் திரும்பி வந்து பார்க்கும். மணல் பாதி விழுங்கிய பழைய அந்தோனியார் ஆலயச் சுவரடியில் இருவரும் இளைப்பாறலாம். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், அந்த மணலில் சுருட்டைப் பாம்பு உண்டு.

இதை வீண் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் சிலர் முகஞ்சுளிப்பர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த மண்ணில் பொழுதுபட்டபின் வெளியே கால் வைக்க முடியாத ஆண்டுகள் எத்தனை! ஊரடங்கு ஒருபுறம், மிதிவெடிப் பலகை மறுபுறம். 2009இல் போர் முடிந்த பின்பும் பல வளவுகளை அங்குலம் அங்குலமாகச் சோதிக்க வேண்டியிருந்தது. வடக்கில் அந்தப் பணியில் மோப்ப நாய்களும் ஈடுபட்டன. இன்று நம் பிள்ளைகள் அச்சமின்றி ஓடும் ஒரு பாதை சும்மா கிடைத்ததன்று.

நாய்களுக்கு நாம் பட்ட கடனும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் மழையில், செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது எத்தனையோ வீடுகளில் நாய்கள் படலையடியில் நின்றுவிட்டன. மனிதருக்கே வழியில்லாத அந்த நாளைக் குறித்து எவரையும் குறை சொல்லேன். ஆனால் வழி இருக்கும் இந்த நாளில், காலை முதல் இரவுவரை நாயைச் சங்கிலியில் கட்டி, மிஞ்சிய சோற்றை எறிந்துவிட்டு, “காவலுக்கு வளர்க்கிறோம்” என்பது என்ன நியாயம்? பின்னேரம் அரை மணி நேரம் அவிழ்த்துக் கூட்டிச் செல்லுங்கள். ஒழுங்கையிலும் தெருவிலும் கயிறு கையில் இருக்கட்டும். ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள். அந்நோயின் குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. எந்த நாய் கடித்தாலும், சிறு காயந்தானே என்று விடாமல், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மீண்டும் அந்த ஆகமத்துக்கு வருவோம். அர்ச். எரோணிமுஸ் அதை அரமேயத்திலிருந்து ஒரே நாளில் இலத்தீனுக்குக் கொண்டுவந்ததாகத் தாமே எழுதியிருக்கிறார். அவருடைய பெயர்ப்பில் மட்டும் ஓர் அழகான செய்தி உண்டு. திரும்பி வருகையில் நாய் எல்லாருக்கும் முந்தி ஓடி, தூது கொண்டு வந்ததுபோல் வாலை ஆட்டி மகிழ்கிறதாம். கண் தெரியாத தகப்பன் அப்போதே எழுந்து, தடுமாறித் தடுமாறி, மகனை நோக்கித் தாமும் ஓடத் தொடங்குகிறார். பார்வை இன்னும் திரும்பவில்லை. மீன் பித்தைக் கண்ணில் இடுவது பிறகுதான்.

தாய் அன்னாளோ நாள்தோறும் வழியோரம் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். நம் ஊர்களிலும், காணாமற்போன பிள்ளைக்காக இன்றும் படலையைப் பார்த்திருக்கும் தாய்மார் உண்டு. பின்னேர ஓட்டத்தில் அத்தகைய படலையொன்றைக் கடக்க நேர்ந்தால், நாயை இழுத்துப் பிடித்து, சற்று நின்று, “அம்மா, சுகமா?” என்று கேட்டுவிட்டுப் போங்கள்.