யார் கூட்டி வரப்படுகிறார்கள்?

அரசு மனநலப் பிரிவுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டால், "நோயாளிங்கதான், வேற யாரு?" என்று பதில் வரும். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அங்கே தானாக வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் கூட்டி வரப்படுகிறார்கள்.

பெரியப்பாவுக்குத் துணையாக ஒரு மாவட்ட அரசு மருத்துவமனைக்குச் சில வருடங்கள் மாதாமாதம் போயிருக்கிறேன். ஓ.பி. சீட்டோடு பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் "என்ன வியாதி?" என்று கேட்கமாட்டார். "என்ன பண்றாரு?" என்றுதான் கேட்பார். கத்துறார், சாமானை உடைக்கிறார், ராத்திரியில கிளம்பிப் போயிடறார். அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் முக்கால்வாசி, மற்றவர்களுக்கு நேர்ந்த தொந்தரவுகள். "பேசாமலே இருக்கா" என்று ஒருத்தியைக் கூட்டி வந்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

2015–16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. சிகிச்சையே பெறாதவர்கள், இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம். மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85. தூரம், ஒருநாள் கூலி, 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஊர் பேசுமோ என்கிற பயம் எல்லாம் இதில் உண்டு. ஆனால் சத்தம் போடாத நோய் வீட்டு வாசலைத் தாண்டுவது இன்னும் கஷ்டம் என்றுதான் அந்த இடைவெளியை நான் வாசிக்கிறேன். நேரத்துக்குச் சமைத்து வைக்கிறவளை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை.

குடும்பத்தைத் திட்டுவது சுலபம். மருத்துவர்கள் குறைவாக இருக்கும் நாட்டில் நர்ஸ், ஆம்புலன்ஸ், காவல் எல்லாமே குடும்பம்தான். அது கைவிட்டால் பெரும்பாலானோருக்கு வேறு கதி இல்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகத் தீயில் சங்கிலியோடு இறந்த 28 பேரில் பலரையும் குடும்பங்கள்தான் கொண்டுவந்து விட்டிருந்தன. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் வெறும் 4 மாவட்டங்களில் தொடங்கியது. பக்கத்தில் மருத்துவமனை இல்லாதபோது தர்காவைத் தேடி வந்தவர்களை எப்படிக் குற்றம் சொல்வது?

என்றாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எது நோய், எப்போது கிளம்புவது என்று முடிவு செய்பவர், வலியை அனுபவிப்பவர் அல்ல. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொரு தனிநபருக்கும் தருகிறது. உரிமை ஒருவருடையது, அதைக் கேட்டு வாங்கும் கால்கள் இன்னொருவருடையவை. 2022இல் வந்த டெலி மானஸின் 14416 எண்ணுக்குத் துணை வேண்டாம்தான். ஆனால் சொந்தமாக ஒரு போனும், கதவைச் சாத்திப் பேச ஓர் அறையும் வேண்டும்.

அடுத்தவருக்குத் தொந்தரவானால்தான் துன்பம் கணக்கில் வரும் என்றால், அடங்கிப் போனவர்களை நாம் தண்டிக்கிறோம். வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள், "அவளால ஒரு தொந்தரவும் இல்ல." சரி, அவளுக்கு?