தலைமடையும் கடைமடையும்

இன்றைய காலைச் சிந்தனைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் சொல், தீர்த்தம். ஒரு கோயிலின் பெருமையைப் பேசும்போது மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே சொல்வது நம் வழக்கம். பத்துமலையில் தைப்பூசக் காவடி எடுப்பவர்கள் பத்து ஆற்றில் நீராடிவிட்டுத்தான் படியேறுகிறார்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகம் ஆற்றங்கரையிலிருந்துதான் புறப்படும். இப்படி நாம் கையெடுத்துக் கும்பிடும் அந்தப் புனிதம் எங்கே இருக்கிறது? நீருக்குள்ளேயா, அல்லது நீரை நாம் நடத்தும் முறையிலா? மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கம் மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2019-ஆம் ஆண்டில் இங்குள்ள நீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பலமுறை மூட வேண்டியிருந்தது. குப்பை மேட்டிலிருந்து கசிந்த கறுப்பு நீர் பெனுட் ஆற்றில் கலந்து, அம்மோனியாவின் அளவைக் கூட்டியதே அதற்குக் காரணம். கிருமிகளைக் கொல்வதற்காக நீரில் குளோரின் சேர்க்கிறார்கள். அம்மோனியா மிகுந்தால் அந்தக் குளோரினை அதுவே எடுத்துக்கொள்கிறது. கிருமிகளைக் கொல்ல மிச்சம் இருப்பதில்லை. குழாய் வறண்டது, வாளிகள் லாரிக்காகக் காத்திருந்தன. ஆற்றின் மேற்பகுதியில் நடந்ததற்குக் கீழே இருந்த குடும்பங்கள் விலை கொடுத்தன.

இந்த மேல், கீழ் உறவைத்தான் ஜப்பானில் ஒரு பௌத்தச் சடங்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நினைவில் வைத்திருக்கிறது. நாரா நகரத்தின் தோடாய்ஜி கோயிலில் 752-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு வழிபாடு, ஓராண்டும் விடுபடாமல் இன்றுவரை நடக்கிறது. அதே ஆண்டில்தான் அங்குள்ள பெரிய புத்தர் சிலைக்கு இந்தியத் துறவி போதிசேனர் கண் திறந்து வைத்தார். மார்ச் மாதத்தில் ஒரு நள்ளிரவில், அந்தக் கோயிலின் ‘வகாசா கிணறு’ என்னும் ஊற்றிலிருந்து நீர் எடுத்து, கன்னோன் என்னும் போதிசத்துவருக்குப் படைக்கிறார்கள். வகாசா என்பது அந்த ஊரின் பெயர் அல்ல. வடக்கே மலைகளைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் பழைய மாகாணத்தின் பெயர் அது. அங்குள்ள ஜிங்கூஜி என்னும் சிற்றூர்க் கோயிலில், அதற்குப் பத்து நாளுக்கு முன்பே மார்ச் 2-ஆம் தேதி, பந்தம் ஏந்திய மக்கள் ஊர்வலமாகப் போய் ஆற்றில் தீர்த்தத்தை ஊற்றி அனுப்புகிறார்கள். அந்த நீர் பூமிக்கடியில் பத்து நாள் பயணம் செய்து நாராவின் கிணற்றில் வந்து சேர்கிறது என்பது நம்பிக்கை. நிலவியல் இதை ஒப்புக்கொள்கிறதா என்பது வேறு விஷயம். அன்றைய தலைநகரத்துப் பெருங்கோயில், தன் கிணற்றுக்குத் தொலைதூரத்து மாகாணத்தின் பெயரைச் சூட்டி, ‘இந்த நீர் உங்கள் கொடை’ என்று ஆண்டுதோறும் நன்றி சொல்கிறதே, அந்த மனநிலைதான் நமக்கு வேண்டியது. நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை, நீர் புறப்படும் தலைமடையை மறக்கவில்லை. தலைமடையும் கடைமடைக்கு நல்ல நீரையே அனுப்பக் கடமைப்பட்டிருக்கிறது.

நம் தமிழ் பௌத்தக் காப்பியமான மணிமேகலையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. மணிபல்லவத் தீவில் கோமுகி என்று ஒரு பொய்கை. வைகாசிப் பௌர்ணமியில் அதன் நீரிலிருந்து அமுதசுரபி என்னும் பாத்திரம் மேலெழுந்து, காப்பிய நாயகி மணிமேகலையின் கைக்கு வருகிறது. அந்தப் பாத்திரத்தை அவள் தனக்கென்று வைத்துக்கொண்டாளா? பசித்தவர் வயிற்றுக்கெல்லாம் அதைக் கொண்டு போனாள். பொய்கையின் புனிதம் கரையோடு நின்றுவிடவில்லை, அடுத்தவர் பசியில் போய்த்தான் நிறைவடைந்தது.

இங்கே ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: கங்கையை விடப் புனிதமான நதி உண்டா? அது ஏன் இவ்வளவு மாசுபட்டுக் கிடக்கிறது? புனிதம் என்ற எண்ணம் நீரைக் காக்கவில்லையே? நாம் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ‘எதைப் போட்டாலும் கங்கை தூய்மையாக்கிவிடும்’ என்று புனிதத்தை நீரின் சக்தியாக மட்டும் எண்ணியபோது, நம் பொறுப்பை நதியின் தலையில் ஏற்றிவிட்டோம். அங்கே தோற்றது புனிதம் அல்ல, புனிதத்தைப் பற்றிய நம் தவறான புரிதல். இன்னொருவர், ‘சடங்கு எதற்கு, சட்டமும் தொழில்நுட்பமும் போதுமே’ என்பார். இரண்டும் கட்டாயம் வேண்டும். ஜப்பானின் ஷிகோகு தீவில் உடைந்துபோன மன்னோ ஏரியின் கரையை 821-ஆம் ஆண்டில் முன்நின்று கட்டி முடித்தவர் கூக்காய் என்ற பௌத்தத் துறவி. அவர் மந்திரத்தோடு நிற்கவில்லை, மண்ணையும் சுமக்க வைத்தார். ஆனால் அவை மட்டும் போதுமா? நம் நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-ஆம் ஆண்டே வந்துவிட்டது. அதன் பிறகும் 2019-இல் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, 111 பள்ளிகள் மூடப்பட்டன. சட்டம் பெரும்பாலும் குற்றம் நடந்த பிறகுதான் கதவைத் தட்டுகிறது. கொட்டப் போகும் கையை அதற்கு முன்பே தடுக்க வேண்டியது மனம். அந்த மனத்தைப் பழக்குவதற்குத்தான் வழிபாடு.

ஆகவே தீர்த்தம் என்ற சொல்லுக்கு நாம் இன்று ஒரு பொருளைச் சேர்த்துக்கொள்வோம்: எனக்குக் கீழே இருப்பவருக்கு நான் செய்யும் மரியாதை. குப்பை மேட்டில் அம்மோனியா எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, அழுகும் உணவிலிருந்து. அன்னதானப் பந்தியில் மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் பிளாஸ்டிக்கோடு ஒரே பையில் கட்டி எறியாமல், தனியே பிரித்து உரமாக்கிக் கோயிலின் தென்னைக்கும் வாழைக்கும் இட்டால், அதுவும் ஒரு தீர்த்த சேவைதான். குப்பை மேட்டுக்குச் சிம்பாங் ரெங்கம் கடைமடை. அந்த வேதனையை அனுபவித்த ஊர் இது. ஆனால் பெனுட் ஆறு இங்கே முடிந்துவிடவில்லை. பொந்தியான் மாவட்டத்துப் பெனுட் ஊரைத் தொட்டுத்தான் மலாக்கா நீரிணையில் சேர்கிறது. அந்த ஊருக்கு நாம்தான் தலைமடை. இன்று காலை குழாயைத் திறக்கும்போது, நமக்கு மேலே இருப்பவர் நம்மை நினைத்திருப்பாரா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நமக்குக் கீழே இருப்பவரை நாம் நினைத்தோமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடனும் உண்டு.