பென்சில் கோடு

காலில் பலம் போன முதல் வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை "கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்" என்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முப்பதைத் தாண்டியது. தண்ணீர், சீப்பு, மூக்குக் கண்ணாடி, கதவுத் தாழ்ப்பாள். எதுவும் பெரிய உதவியில்லை. அதனால்தான் கேட்கக் கூசியது.

எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு அலமாரியைத் தாழ்த்த வந்த தச்சர் டேப்பை எடுக்கவில்லை. "உட்கார்ந்தபடியே கையை நீட்டுங்கம்மா" என்றார். விரல்நுனி தொட்ட இடத்தில், சுவரில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். ஒரே வாரத்தில் வீடு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. சுவிட்சுப் பெட்டி, அஞ்சறைப்பெட்டி, சாமி படம்கூட.

இறங்காதவற்றுக்குப் பாட்டியின் மடிக்கோல் இருந்தது. மடிப்புடவையில் யார் கையும் படக்கூடாதென்று உயரக் கொடியில் உலர்த்த அவள் வைத்திருந்த மூங்கில் கோல். நுனியில் கம்பிக் கொக்கி மாட்டினோம்; எட்டாததையெல்லாம் இப்போது அதுதான் எனக்குத் தொட்டுத் தருகிறது. காபி டம்ளரை மடியில் வைத்துச் சக்கரம் தள்ளி ஒருமுறை கொட்டிக்கொண்டேன். என் தொடைக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தேன். அன்றிலிருந்து மூடிபோட்ட சின்னத் தூக்கு, நாற்காலிக் கையில் மாட்டிய கொக்கியில் தொங்குகிறது. குளியலறைக் கதவைக் கழற்றித் திரை போட்டோம். கதவின் தடிமன் விட்டுக்கொடுத்த ஒன்றரை அங்குலத்தில் நாற்காலி நுழைந்தது. மழையில் வழுக்கும் தள்ளுவளையத்தில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.

நான் கேட்பது குறையக் குறைய என் வீட்டுக்காரர் முகம் வாடியது. "கேட்டா எடுத்துத் தர மாட்டேனா?" என்றார் ஒரு நாள். எனக்குப் பதில் வரவில்லை. எடுத்துக் கொடுப்பதில்தான் அவர் தன் பிரியத்தை வைத்திருந்தார்; ஒவ்வொரு கொக்கி மாட்டும்போதும் அதில் ஒரு வழியை நான் அடைத்திருக்கிறேன். பல நாள் கழித்துத்தான் சொல்ல முடிந்தது: முப்பது தடவை கூப்பிட்ட நாட்களில் நாம் பேசிக்கொண்டது அந்த முப்பது மட்டும்தானே?

வெளியே இறங்கினால் என் கொக்கிகள் போதாது. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு; ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம் வேண்டும். மாட வீதிக் கடைப்படிக்கும் சாலைக்கும் நடுவே ஆறடி எங்கே இருக்கிறது? கூடவே எடுத்துப்போகும் மூன்றடிப் பலகையில் ஏற, அவர் பின்னாலிருந்து மூச்சுவாங்கத் தள்ள வேண்டும். பொது இடங்கள் எங்களுக்கும் எட்ட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடனை ஒரு வீட்டுப் பலகையால் அடைக்க முடியாது. அடைக்கவும் கூடாது.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் கடலை நோக்கி மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பிய்த்துப்போட, மறுபடி சரிசெய்தார்கள். பிறகொரு சாயங்காலம் போனோம். பலகைகளின் மேல் சக்கரம் தடதடவென்று ஓடியது. பழக்கத்தில் அவர் பின்னால் வந்து பிடியில் கைவைத்தார். கொஞ்ச தூரத்தில் கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் நடந்தார். பாதை முடிகிற இடத்தில், அலை முன்னே தெரிய, நின்றோம்.

"சுண்டல் வாங்கித் தரவா?" என்றார்.

"வாங்கித் தாங்க" என்றேன்.