ஐம்பத்தேழு விழுக்காடு

2024 நவம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடந்தது. அன்றைக்குப் பத்து மாநிலங்களில் வாக்குச்சீட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் எழுதுவதா, வேண்டாமா என்பது. ஃப்ளோரிடாவில் நூற்றுக்கு 57 பேர் எழுதலாம் என்று வாக்களித்தார்கள். தீர்மானம் தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் ஒஹாயோவிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 57 பேர்தான் அப்படி வாக்களித்திருந்தார்கள். அங்கே தீர்மானம் ஜெயித்தது.

காரணம் சின்னது. ஒஹாயோவில் பாதிக்கு மேல் வந்தால் போதும். ஃப்ளோரிடாவில் 60 விழுக்காடு வேண்டும். அந்த 60 என்ற விதியையும் 2006இல் வாக்கெடுப்பு வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். அதற்குக் கிடைத்தது 58 விழுக்காடுகூட இல்லை. அறுபது வேணும்னு சொல்ற விதியே அறுபது வாங்கல!

ஆக ஒஹாயோவில் ஒரு பெண்ணுக்குத் தன் உடம்பின் மேல் உள்ள உரிமை ஃப்ளோரிடாவில் இருக்கிற பெண்ணுக்கு இல்லை. அங்கே 2024 மே மாதத்திலிருந்து ஆறு வாரத்துக்கு மேல் கருவைக் கலைப்பது சில விதிவிலக்குகள் தவிரக் குற்றம். ஆறு வாரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. இரண்டு இடத்திலும் கை தூக்கியவர்களின் கணக்கு ஒன்று. ஆனால் இங்கே உரிமை, அங்கே குற்றம். அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: ஓர் உரிமை தலையை எண்ணுவதால் பிறக்கிறதா?

இந்தக் கேள்விக்குள் போகுமுன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1973 ஜனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 'ரோ எதிர் வேட்' வழக்கில் கருக்கலைப்பு பெண்ணின் அரசியல் சட்ட உரிமை என்றது. 2022 ஜூன் 24இல் அதே நீதிமன்றம் 'டாப்ஸ்' வழக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இந்த விஷயத்தை மக்களிடமும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடமும் திருப்பிக் கொடுப்பதாக அது சொன்னது. பெண்களுக்கும் வாக்கு இருக்கிறது, அரசியல் பலம் இருக்கிறது என்றும் தீர்ப்பில் எழுதினார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் திருப்பிக் கொடுத்த கைகள் எவை? 2016 தேர்தலில் டொனால்ட் டிரம்ப், ஹிலாரி கிளிண்டனைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் குறைவாகப் பெற்றார். தேர்வாளர் குழு என்ற பழைய ஏற்பாட்டால் அதிபரானார். தான் நியமிக்கும் நீதிபதிகளால் ரோ தீர்ப்பு தானாகவே போய்விடும் என்று அந்த ஆண்டு லாஸ் வேகாஸ் விவாத மேடையிலேயே சொல்லியிருந்தார். மூன்று பேரை நியமித்தார். ரோவை ரத்து செய்த ஐந்து பேரில் அந்த மூன்று பேரும் இருந்தார்கள். மக்கள் தொகையில் தோற்றவர் வைத்த நீதிபதிகள்தான், மக்களே முடிவு செய்யட்டும் என்று சொன்னவர்கள்.

2024 செப்டம்பர் 10இல் ஃபிலடெல்ஃபியாவில் கமலா ஹாரிஸும் டிரம்பும் விவாதித்தபோது இதுவே பெரிய சண்டையாக இருந்தது. மாநிலங்கள் பார்த்துக்கொள்ளும் என்றார் ஒருவர். பெண்ணின் முடிவில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை என்றார் இன்னொருவர். அந்த ஆண்டு முழுக்கக் கருத்துக் கணிப்புகள் வந்துகொண்டே இருந்தன. பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில் 63 விழுக்காட்டினர் எல்லாச் சூழலிலும் அல்லது பெரும்பாலான சூழலில் கருக்கலைப்பு சட்டப்படி இருக்க வேண்டும் என்றார்கள். கேலப் நிறுவனம் 1975லிருந்து மூன்று கட்டம் போட்டுக் கேட்கிறது: எந்தச் சூழலிலும் சட்டப்படி, சில சூழல்களில் மட்டும், எந்தச் சூழலிலும் கூடாது. 2024இல் பாதிப் பேர் நடுக் கட்டத்தில் நின்றார்கள்.

அந்த நடுக் கட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் தோழர்களே. தாய் சாகப் போகிறாள் என்றால் மட்டும் என்று நினைக்கிறவரும் அங்கேதான் நிற்கிறார். நான்கு மாதம் வரை அவள் விருப்பம் என்று நினைக்கிறவரும் அங்கேதான் நிற்கிறார். எந்தச் சூழல்? அது வந்துவிட்டதா இல்லையா என்று சொல்வது யார்? அவளா, டாக்டரா, அரசு வக்கீலா? அந்தக் கட்டம் இதைக் கேட்கவில்லை. அதனால்தான் இரண்டு கட்சிக்காரர்களும் அந்தப் பாதியைத் தங்கள் பக்கம் இழுத்துக் காட்ட முடிகிறது.

கணிப்பு பொய்த்த கதைகள் அமெரிக்காவில் உண்டு. 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளை அவர்கள் எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும். பஞ்ச காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவன் யார்? திரும்பி அனுப்பியவர்களிலும் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்களே அதிகம். யாரைக் கேட்பது என்ற அந்தத் தவறைப் பின்னால் வந்தவர்கள் ஓரளவு சரிசெய்துகொண்டார்கள். எதைக் கேட்பது என்பது இன்னும் சரியாகவில்லை.

கேட்கப்படாத கேள்விகளில் முதலாவது காசு. ரோ தீர்ப்பு வந்து மூன்றே ஆண்டில், 1976இல், ஹைட் திருத்தம் வந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவ உதவியிலிருந்து கருக்கலைப்புக்கு மத்திய அரசின் பணம் போகக்கூடாது என்றது. 1980இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்று அதை ஏற்றது. அரசு போட்ட தடையைத்தான் அரசு எடுக்க வேண்டும், வறுமை அரசு போட்ட தடை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். ரோவைக் கொண்டாடிய கட்சியின் ஜோ பைடன்கூட 2019 வரை ஹைட் திருத்தத்தை ஆதரித்தவர்தான். சட்டத்துல உரிமை உண்டு, கையில காசு இல்ல. 'சட்டப்படி இருக்கலாமா' என்று கேட்கிற கணிப்பில் இவளுக்கு என்ன பதில்? அவளுக்கு 1976லிருந்தே அந்த உரிமை பாதி போய்விட்டது. 2022இல் போனது மற்றவர்களுக்கும் சேர்த்து.

இரண்டாவது, யார் கை இதுவரை இந்த உடம்புகளின் மேல் இருந்தது என்ற கேள்வி. ஃபேனி லூ ஹேமர் மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்த கறுப்பினப் பெண். 1961இல் ஒரு கட்டியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைக் கேட்காமலே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு அங்கே இது சாதாரணமாக நடந்தது. அடுத்த ஆண்டு, 1962இல், அவர் வாக்காளராகப் பதிவு செய்யப் போனார். அன்றைக்கே பண்ணையை விட்டு விரட்டப்பட்டார். 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கறுப்பர்களுக்கு இடம் கேட்டு நாடு முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

அந்த ஹேமர் கருக்கலைப்பை எதிர்த்தவர். கருத்தடையையும் சேர்த்து, கறுப்பர்களை இல்லாமல் ஆக்கும் வேலை என்று பேசியவர். இப்போது கணிப்புக்காரர் அவர் வாசலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'கூடாது' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். அந்தக் கோட்டுக்குப் பின்னால் 1961 இருக்கிறது என்பது எந்தப் பட்டியலிலும் வராது. அவரைப் பெற விடாமல் செய்த கையும், இன்றைக்கு இன்னொருத்தியைப் பெற்றே ஆக வேண்டும் என்று சொல்கிற கையும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். ஹேமர் போட்ட கோட்டை அந்த இரண்டாவது கை எடுத்துக்கொள்ளும். இது நியாயமா?

ஹேமர் தனி ஆள் அல்ல. 1973இல், ரோ தீர்ப்பு வந்த அதே ஆண்டு, அலபாமாவின் மாண்ட்கோமரியில் 12, 14 வயதுக் கறுப்பினச் சிறுமிகள் இருவருக்கு அரசு உதவியில் நடந்த நிலையத்தின் மூலம் நிரந்தரக் கருத்தடை செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் காகிதத்தில் கீறல் போட்டிருந்தார். பூர்வகுடிப் பெண்களுக்கு அரசின் மருத்துவத் துறை செய்த கருத்தடை அறுவைகள், 1973 முதல் 1976 வரை நான்கு பகுதிகளில் மட்டும் 3,406 என்று அரசின் தணிக்கை அலுவலகமே 1976இல் சொன்னது. புவெர்ட்டோ ரிக்கோவில் 1960களின் நடுவில் தாய்மாரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்த அறுவை நடந்திருந்தது. அந்தத் தீவில் வாழ்கிறவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் அதிபர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. நீதிபதிகளை நியமிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் அவர்கள் தலை சேராது.

எதிர்த்தரப்பில் ஒரு நேர்மையான வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கரு ஓர் உயிர், உயிரை அழிப்பதை எப்படி ஒருவரின் விருப்பத்துக்கு விடுவது என்று கேட்கிறார்கள். மனசாட்சியோடு கேட்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர் முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அது உயிர்ப் பிரச்சினை என்றால் 57ஓ 60ஓ அதைத் தீர்க்காது. அவரும் தலை எண்ணுவதை நம்பவில்லை.

அடுத்து, ஓர் உயிருக்காக இன்னொரு உடம்பைச் சட்டம் கட்டாயப்படுத்தி எடுத்துக்கொள்ளலாமா? 1978இல் பென்சில்வேனியாவில் ஒரு வழக்கு வந்தது. ரத்தம் ஊறாத நோயால் செத்துக்கொண்டிருந்த ஒருவர், எலும்பு மஜ்ஜை பொருந்தக்கூடிய தன் உறவினர் அதைத் தரும்படி உத்தரவிடக் கேட்டார். தர மறுப்பது ஒழுக்கப்படி ஏற்க முடியாதது என்றார் நீதிபதி. ஆனாலும் ஒரு மனிதனின் உடம்பில் கை வைக்கச் சட்டத்தால் உத்தரவிட முடியாது என்று மறுத்துவிட்டார். கேட்டவர் கொஞ்ச நாளில் இறந்துபோனார். அந்த நீதிபதி இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்த்தார். ஒரு செயல் தப்பா என்பது ஒன்று. அதற்காக ஒருவரின் உடம்பை அரசு எடுத்துக்கொள்ளலாமா என்பது வேறொன்று. மஜ்ஜை தர மறுத்த ஆணுக்கு வைத்த இந்த நியாயம், ஒன்பது மாதம் முழு உடம்பையும் தர வேண்டியவளுக்கு ஏன் இல்லை? உடலுறவுக்கு அவள் ஒத்துக்கொண்டாளே என்பார்கள். ஒன்றுக்கு ஒத்துக்கொண்டது எல்லாவற்றுக்கும் கையெழுத்து ஆகிவிடாது.

1994இல் சிகாகோவில் பன்னிரண்டு கறுப்பினப் பெண்கள் கூடிப் பேசினார்கள். 'தேர்வு செய்யும் உரிமை' என்ற பேச்சு தங்களுக்குப் போதாது என்றார்கள். பிள்ளைப்பேறு நீதி என்று ஒரு சொல்லை உண்டாக்கினார்கள். அதில் பிள்ளை வேண்டாம் என்கிற உரிமை உண்டு. வேண்டும் என்கிற உரிமையும் உண்டு. பெற்ற பிள்ளையைப் பயமில்லாமல் வளர்க்கிற உரிமையும் உண்டு என்று அந்தச் சிந்தனை வளர்ந்தது. ஹேமரின் கோபமும் மெடிக்கெய்ட் பெண்ணின் காசில்லாத கையும் ஒன்றாக உட்கார இங்கேதான் இடம் இருக்கிறது. கணிப்பில் இதற்குக் கட்டம் இல்லை.

கட்டம் இல்லாததால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். உயிர் போகிறது. 2023 கணக்குப்படி அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறந்த வெள்ளையினத் தாய்மார் 14.5. கறுப்பினத் தாய்மார் 50.3. ஜார்ஜியாவில் ஆறு வாரச் சட்டம் அமலுக்கு வந்த 2022ஆம் ஆண்டு கோடையில், ஒரு இளம் கறுப்பினத் தாய் மாத்திரைக்குப் பின் வந்த சிக்கலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழக்கமாகச் செய்யும் சின்ன சுத்திகரிப்பு அறுவை மணிக்கணக்கில் தள்ளிப்போனது. இறந்தார். தடுத்திருக்கக்கூடிய சாவு என்று மாநிலத்தின் ஆய்வுக் குழுவே சொன்னது. 2024இல் இது வெளியே வந்து தேர்தல் மேடைகளில் பேசப்பட்டது. மேடை கலைந்தது. சட்டம் நின்றது.

நம்மைப் போல இயக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு சபலம் உண்டு. கணிப்பு சாதகமாக வந்தால் 'மக்கள் எங்கள் பக்கம்' என்று தூக்கிப் பிடிப்போம். 63 என்று வரும்போது இனிக்கும். நாளைக்கு அது 43 ஆனால்? அப்போது உரிமை செத்துவிட்டதா? 1967இல் உச்சநீதிமன்றம் கறுப்பர் வெள்ளையர் திருமணத்தைத் தடுத்த சட்டங்களை ரத்து செய்தது. 1968இல் கேலப் கேட்டபோது அப்படிப்பட்ட திருமணத்தை ஏற்றவர்கள் 20 விழுக்காடுதான். ஊர் சம்மதிக்கட்டும் என்று அந்தக் காதலர்கள் காத்திருக்க வேண்டுமா? ஊர் சம்மதத்துக்குக் காத்திருந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அதற்காக வாக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 ஆகஸ்டில், பழமைவாதிகளின் மாநிலமான கன்சாஸில், உரிமையைப் பறிக்க வந்த திருத்தத்தை 59 விழுக்காட்டினர் வீழ்த்தினார்கள். 2024இல் மிசௌரி மக்கள் டிரம்ப்புக்கும் வாக்களித்தார்கள், கருக்கலைப்பு உரிமைக்கும் வாக்களித்தார்கள். அங்கே சட்டமன்றம் 2025இல் அதே விஷயத்தைத் திரும்பவும் வாக்கெடுப்புக்கு விடத் தீர்மானித்தது. இவர்களுக்குப் பிடித்த எண் வரும் வரை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். எனவே வாக்குப் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் போட வேண்டும். வாக்கு ஒரு வேலி. வேலி இல்லாவிட்டால் மாடு மேயும். ஆனால் நிலம் நம்முடையது என்பதற்கு வேலி சாட்சி அல்ல. வேலி விழுந்த அன்றைக்கும் நிலம் நம்முடையதுதான்.

அடுத்த தேர்தலிலும் கட்டம் போட்ட தாளோடு யாராவது வருவார்கள். ஆதரவா, எதிர்ப்பா என்று கேட்பார்கள். அவரவர் மனசாட்சிப்படி பதில் சொல்லட்டும். கூடாது என்று நினைக்கிறவர் தன் வீட்டில், தன் உடம்பில் அப்படியே நடக்கட்டும், அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் இல்லாத கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். உன் கர்ப்பப்பையை உன்னைக் கேட்காமல் எடுக்க ஊரில் 57 பேர் கை தூக்கினால் சம்மதிப்பாயா? மாட்டாய் என்றால், அவளைக் கேட்காமல் நிரப்பி வைக்கவும் எந்த எண்ணுக்கும் அதிகாரம் கிடையாது.